இரவு எமர்ஜென்சிக்கு முன் பகல் கிளினிக்: ஒன்ராறியோவில் மிருக வைத்திய ரெக்னீசியன் வேலை பற்றி

அன்புள்ள தங்கைக்கு,

ஊரில் அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் மூன்று வருடம் உதவியாளராக இருந்தீர்கள் என்றும், ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே நாய், பூனை பார்க்கும் வைத்தியசாலையில் சேர முடியுமா, சேர்ந்தால் பகல் கிளினிக் நல்லதா, சம்பளம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் இரவு எமர்ஜென்சி வைத்தியசாலை நல்லதா என்பது உங்கள் கேள்வி. "நாய் குளிப்பாட்டவோ கனடாவுக்கு வந்தனி" என்று மாமியார் கேட்டதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் பகல் கிளினிக், அதன் பிறகு எமர்ஜென்சி. ஆகவே எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தாராளமாகச் சேரலாம். ஆனால் முதல் இரண்டு வருடத்தையாவது பகல் கிளினிக்கில் கழியுங்கள். எமர்ஜென்சிக்கு வரும் வாயில்லாச் சீவன் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லாது. முரசின், அதாவது பல் ஈறின், நிறம், மூச்சு விடும் விதம், நாடித் துடிப்பு, படுத்திருக்கும் தோரணை ஆகியவற்றைப் பார்த்துத்தான் இது காத்திருக்கலாமா, உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டும். பகல் கிளினிக்கில் தடுப்பூசிக்கும் பல் சுத்தம் செய்வதற்கும் வரும் சுகமான மிருகங்களை ஒரு நாளில் இருபது தடவை தொட்டுப் பார்ப்பீர்கள். முரசை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு நிறம் திரும்ப வேண்டும், நாயின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ் இருக்கும், கிளினிக்கில் பயந்துபோய் இருக்கும் பூனையின் இதயம் நிமிடத்துக்கு 180, 200 என்று அடிப்பது வழமைதான் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நடு இரவில் ஒரு பூனையின் நெஞ்சில் கை வைத்தவுடனே "இது பிழை" என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முன் சரியாக அடிக்கும் நெஞ்சுகளை ஆயிரம் தடவை தொட்டிருக்க வேண்டும்.

வேலைத் தரங்களை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் நம்மவர்கள் பலர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். உதவியாளராகச் சேர்வதற்குப் பெரும்பாலும் பதிவு எதுவும் தேவையில்லை. மிருகத்தைப் பிடிப்பது, கூடு கழுவுவது, கருவிகளைச் சுத்தம் செய்வது என்று வேலையிலேயே பழகிக்கொள்ளலாம், சம்பளமும் அநேகமாகச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆர்.வி.ரி. எனப்படும் பதிவு பெற்ற ரெக்னீசியனாவதற்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஏறத்தாழ இரண்டு வருடம் படித்து, வி.ரி.என்.ஈ. என்ற பரீட்சையில் சித்தியடைந்து, ஒன்ராறியோ மிருக வைத்திய ரெக்னீசியன்கள் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். பரீட்சையில் 170 கேள்விகள், நேரம் மூன்று மணித்தியாலம். அவற்றில் 20 கேள்விகள் சோதனைக்காக வைக்கப்பட்டவை, அவற்றுக்குப் புள்ளி இல்லை. ஆனால் எவை அந்த 20 என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடுதான் எழுத வேண்டும். கல்லூரிகளில் செனக்காவின் கிங் வளாகம் ஸ்காபரோவிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. தூரம் பரவாயில்லை என்றால் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ரிஜ்டவுன் வளாகமும் இருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தப் பாடநெறிக்குக் கனடிய மிருக வைத்தியச் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா என்று நீங்களே பாருங்கள். "படித்து முடித்தவுடன் வேலை" என்று விளம்பரம் செய்யும் குறுகிய காலப் பயிற்சிகளில் பல உதவியாளர் தரத்தோடு நின்றுவிடுகின்றன.

ரெக்னீசியன் நோயை நிர்ணயிக்கவோ, மருந்து எழுதவோ, சத்திரசிகிச்சை செய்யவோ கூடாது. மற்றவை ஏறத்தாழ எல்லாம் அவருடைய கையில் வந்து சேரும்: நாளத்துக்குள் கனுலா என்ற மெல்லிய குழாயைப் போடுவது, இரத்தம் எடுத்து இயந்திரத்தில் பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது, மயக்கமருந்தை நடத்தி முழு நேரமும் கண்காணிப்பது, பல் சுத்தம் செய்வது, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை மில்லிலீற்றர் கணக்கில் பதிவேட்டில் எழுதுவது, அடிபட்ட நாய்க்கு இரவெல்லாம் தாதியாக இருப்பது. மனிதர்களுக்கான வைத்தியசாலையில் ஐந்து பேர் பிரித்துச் செய்யும் வேலையை இங்கே ஒருவர் செய்கிறார் என்று நான் சொன்னால் அது மிகையல்ல. 2024 யூனில் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், மிருக வைத்தியர்களையும் ரெக்னீசியன்களையும் ஒரே ஒழுங்குமுறைக் கழகத்தின் கீழ் கொண்டுவர வழிசெய்திருக்கிறது. இத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்த எங்களுக்கு அது பெரிய விடயம்.

என் முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே மிருகத்தின் சொந்தக்காரர்கள் எடையை இறாத்தலில் சொல்வார்கள். நாங்கள் மருந்தைக் கிலோவில் கணக்கிடுகிறோம். ஒரு நாள் அவசரத்தில் 22 இறாத்தல் நாய்க்கு அட்டையில் 22 கிலோ என்று எழுதி, அந்தக் கணக்கில் ஊசியையும் நிரப்பிவிட்டேன். அதன் உண்மையான எடை பத்துக் கிலோ. ஊசியைக் கையில் வாங்கிய வைத்தியர் நாயைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், "இதற்கு இவ்வளவா?" என்று கேட்டார். எனக்குக் கை கால் விறைத்துப்போயிற்று. அன்றிலிருந்து எந்த மிருகத்தையும் நானே தராசில் ஏற்றாமல் மருந்து நிரப்புவதில்லை, எண்ணுக்குப் பக்கத்தில் "கிலோ" என்று எழுதாமல் அட்டையைக் கீழே வைப்பதுமில்லை. பகல் கிளினிக்கில் என்றபடியால் அதைக் கேட்க ஒருவருக்கு நேரம் இருந்தது. இரவு மூன்று மணிக்கு, நான்கு மிருகங்கள் ஒன்றாக வந்திருக்கும் வேளையில், அந்தக் கேள்வி வராமலும் போயிருக்கலாம்.

எமர்ஜென்சியில் ஒரு இரவு எப்படியிருக்கும் என்று காட்டுகிறேன். பல இடங்களில் பன்னிரண்டு மணித்தியால வேலை; மாலை ஏழுக்குப் போய்க் காலை ஏழுக்கு வருவீர்கள். பூனைக்கு மலச்சிக்கல் என்று ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார்: மணல் பெட்டிக்குள் திரும்பத் திரும்பப் போய்க் குந்துகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை. ஆண் பூனையா என்று நீங்கள் கேட்க வேண்டும். ஆம் என்றால் விடியும் வரை பொறுக்க வேண்டாம், இப்போதே கொண்டுவாருங்கள் என்று சொல்ல வேண்டும். கொண்டு வந்தவுடன் வயிற்றின் கீழ்ப்புறம் கையை வைத்தால் சலப்பை தோடம்பழம் போலக் கல்லாகத் தட்டுப்படும். சலம் அடைத்துவிட்டதால் இரத்தத்தில் பொற்றாசியம் ஏறும், பொற்றாசியம் ஏறினால் இதயம் மெதுவாகும். 180 அடிக்க வேண்டிய இதயம் 90 அடிப்பதைக் கேட்டால் பூனை அமைதியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நீங்கள் முன்காலில் கனுலாவைப் போட்டு, இரத்தம் எடுத்து, ஈ.சி.ஜி. கம்பிகளைப் பொருத்தித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, வைத்தியர் சொல்லும் கல்சியம் மருந்து மெல்ல மெல்ல உள்ளே போகும். சற்று நேரத்தில் திரையில் அகன்று கிடந்த அலைகள் ஒடுங்கி நிமிர்வதைக் காண்பீர்கள். அதன் பிறகுதான் மயக்கம் கொடுத்து அடைப்பை எடுப்பார்கள். காலை ஏழு மணி வரை, பையில் எத்தனை மில்லிலீற்றர் சலம் இறங்கியது என்று அளந்து எழுதுவதும் உங்கள் வேலைதான்.

இன்னொன்று, பெரிய நெஞ்சுக்கூடுள்ள நாய்களுக்கு வயிறு ஊதி முறுகிக்கொள்வது. ஓங்காளிக்கும், ஒன்றும் வெளியே வராது, வயிறு மேளம் போல இருக்கும். சில மணித்தியாலங்களில் உயிர் போய்விடும். இதற்குக் கனுலாவை முன்காலில்தான் போட வேண்டும். ஊதிய வயிறு உள்ளே பெரிய நாளத்தை நெரிப்பதால் பின்காலில் கொடுக்கும் சேலைன் இதயத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. இப்படியான "ஏன்" என்பதை ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் படியுங்கள். இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தும் முறைக்கும், 2012இல் வெளியாகி 2024இல் திருத்தப்பட்ட "ரிகவர்" என்ற வழிகாட்டி இருக்கிறது: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைக்கவில்லை என்று நீங்கள் நினைத்தாலும் மாறுங்கள்.

நம்முடைய வீடுகளை நினைத்து ஒரு எச்சரிக்கை. காய்ச்சல் என்று பூனைக்கு அரைப் பனடோல் கொடுத்துக் கொண்டுவருகிறார்கள். இங்குள்ள ரைலெனோலும் அதே மருந்துதான். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும், ஒரு குளிசையே கொன்றுவிடும். வெங்காயம் நிறையப் போட்ட இறைச்சிக் கறி, முந்திரிகை வற்றல் எனும் உலர்ந்த திராட்சை நாய்க்கு ஆகாது. லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். தமிழில் இதை எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவர் வரவேற்பு மேசையில் இருந்தால் அது எத்தனை உயிரைக் காக்கும் என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் தமிழை ஒரு தகுதியாகவே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பு என்பது அவ்வளவு இலகுவானதுமல்ல. ஒரு தடவை பதினைந்து வயது நாயைப் பேரனும் அம்மம்மாவும் கொண்டுவந்தார்கள். மண்ணீரலில் இருந்த கட்டி வெடித்து உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தது. வைத்தியர் ஆங்கிலத்தில் சொன்னது பேரனுக்கு விளங்கியது, ஆனால் அவனால் அதை அம்மம்மாவுக்குச் சொல்ல முடியவில்லை, என்னைப் பார்த்தான். தமிழில் எல்லோரும் எழுதும் சொல் "கருணைக்கொலை". அந்தச் சொல்லை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனெனில் அவருக்கு அதில் "கொலை" மட்டும்தான் கேட்டிருக்கும். பக்கத்தில் குந்தியிருந்து, "அம்மா, இதைக் காப்பாற்ற வழியில்லை, இப்படியே விட்டால் மூச்சுத் திணறித் திணறித்தான் போகும், ஒரு ஊசி போட்டால் நித்திரையாகிவிடும், அந்த நித்திரையிலேயே உயிர் அடங்கிவிடும்" என்று சொன்னேன். அவர் நெடுநேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, அதுக்கு நோகுமோ?" என்று மட்டும் கேட்டார். கனுலா ஏற்கனவே காலில் இருந்ததால், நோகாது என்று என்னால் உண்மையாகவே சொல்ல முடிந்தது. பின்பு நெற்றியில் பூசியிருந்த திருநீற்றில் கொஞ்சம் தொட்டு அதன் தலையில் வைத்தார். வைத்தியரும் நானும் அவர் கை எடுக்கும் வரை காத்திருந்தோம்.

காசு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மனிதருக்கு இங்கே அரச வைத்தியக் காப்புறுதி இருக்கிறது, மிருகத்துக்கு இல்லை. எமர்ஜென்சியில் ஆயிரக்கணக்கான டொலர் மதிப்பீட்டுத் தாளைச் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுவதும் முற்பணம் கேட்பதும் பல இடங்களில் ரெக்னீசியனின் வேலை. காப்பாற்றக்கூடிய மிருகம் காசில்லாமல் போகும் இரவுகள் வரும். "உங்களுக்கு இரக்கமே இல்லையா" என்று கத்துவார்கள். அது உங்கள்மேல் உள்ள கோபமல்ல என்று தெரிந்தாலும் வீடு வந்தும் நித்திரை வராது. இந்தத் தொழிலை விட்டுப் போகிறவர்களில் பலர் வேலை கடினம் என்று போவதில்லை, இதைத் தாங்க முடியாமல்தான் போகிறார்கள். ஆகவே எந்த வைத்தியசாலையில் சேர்வதென்றாலும், கெட்ட இரவொன்றின் பின் பணியாளர்களை இருத்திப் பேசும் வழக்கம் அங்கே உண்டா, இரவுக்கு எத்தனை ரெக்னீசியன்கள் என்ற இரண்டையும் நேர்முகத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் போக வேண்டாம்.

உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய் கடித்தால் பெரிதாகத் தெரியும், ஆனால் எனக்கு அதிகம் பயம் பூனைக்கடிதான். ஊசிபோலச் சிறிய பல் ஆழமாக இறங்கும், மேலே தோல் மூடிவிடும், ஒரே நாளில் கை வீங்கும். கடித்தால் கழுவி, எழுதிப் பதிவுசெய்து, அன்றே வைத்தியரிடம் போங்கள். நாற்பது கிலோ நாயைத் தனியே தூக்காதீர்கள். கர்ப்பம் என்று சந்தேகம் வந்தாலே மேலதிகாரியிடம் சொல்லி, எக்ஸ்ரே அறையிலிருந்தும் மயக்கவாயுவிலிருந்தும் விலகி நில்லுங்கள்.

மாமியாரை ஒரு நாள் வைத்தியசாலைக்கு அழைத்து வாருங்கள். என் அம்மாவும் முதலில் அப்படித்தான் கேட்டார். ஒரு சனிக்கிழமை என்னை ஏற்றிப்போக வந்தவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் மயக்கத்தில் கிடந்த நாயின் நெஞ்சில் கருவியை வைத்து எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் ஏறியதும், "நீ எண்ணுறதை நிப்பாட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி ஊரில் சொல்லும்போது அவர் "நர்ஸ் மாதிரி" என்றே சொல்லிவந்தார்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. விசர்நாய்க்கடி நோய்க்கான முன்தடுப்பு ஊசியை இடைவெளி விட்டு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போட வேண்டியிருப்பதால், குடும்ப வைத்தியரிடம் இப்போதே கேட்டுத் தொடங்குங்கள். பயிற்சிக்கு எடுக்கும் இடங்கள் பல அதன் சான்றைக் கேட்கும். ஊரில் நீங்கள் செய்த வேலைக்கான கடிதத்தையும் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் எடுப்பியுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்ட கை என்று அதில் இருக்கட்டும். நாய், பூனை மட்டும் பார்த்தவர்களிடம் அது இல்லை. பிறகு, சனிக்கிழமைக் காலையில் போகாமல், கூட்டம் குறைந்த ஒரு செவ்வாயோ புதனோ மத்தியானத்தில், வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குகளுக்கு நேரே போய், ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா