ஏற்பியின் மரபணுவை எப்படிப் பிடித்தார்கள்?

கேள்வி: ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு நடுவே ஒரு ஹார்மோன் ஏற்பியின் மரபணுவை மட்டும் எப்படிக் கண்டுபிடித்துக் குளோனிங் செய்தார்கள் (தனியாகப் பிரித்துப் பிரதியெடுத்தார்கள்)? நோயாளிக்கு அதனால் என்ன பயன்?

பதில்: ஆய்வகத்தில் செல் வளர்த்துப் பழகிய எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏற்பி என்பது ஹார்மோனைப் பற்றிக்கொண்டு செல்லை இயக்கும் புரதம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஏற்பியையே எடுத்துக்கொள்வோம். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இந்த ஏற்பி நிறைய உண்டு. அந்தச் செல்களின் தூது ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான மரபணுவின் நகலை) டிஎன்ஏவாக மாற்றி, துண்டு துண்டாக வைரஸ்களில் ஏற்றி, பாக்டீரியா படர்ந்த தட்டுகளில் பரப்பினார்கள். ஏற்பிப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு, தட்டில் அந்தப் புரதம் உருவாகியிருக்கும் புள்ளியைத் தேடினார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

1986இல் முழு வரிசையும் வெளியானது: புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் 595. சரி, கிடைத்தது அதுதான் என்று எப்படி நம்புவது? ஹீலா என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்களுக்குள் அந்த மரபணுவைச் செலுத்தினார்கள். அங்கே உருவான புரதம், எம்சிஎஃப்-7 ஏற்பியைப் போலவே எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொண்டது. எனக்கு இந்தச் சோதனைதான் எல்லாவற்றையும்விட அழகு.

நோயாளிக்கு வருவோம். ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்பட்டிருந்த மார்பகப் புற்றுநோய் சிலருக்கு மறுபடி வளர்வது ஏன்? வரிசை கையில் இருப்பதால் இன்று மரபணுவையே படித்துப் பார்க்கலாம். உதாரணமாக, ஏற்பியின் 537ஆவது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் என்ற அமினோ அமிலம் வந்துவிட்டால், ஹார்மோன் இல்லாமலேயே ஏற்பி இயங்கும். அப்போது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரை போதாது; ஏற்பியையே சிதைக்கும் மருந்தை மருத்துவர் யோசிப்பார்.