மகளுக்கு ரோபோ வாங்க முன்பணம் கட்டலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். தமிழ் வழியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கோடிங் கற்க ஆசைப்படுகிறாள். வெளிநாட்டில் கிரவுட் ஃபண்டிங் மூலம் வரவிருக்கும் ஒரு ரோபோவையும் ஓராண்டு ஆன்லைன் வகுப்பையும் சேர்த்து 22,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகக் கோவை முகவர் ஒருவர் சொல்கிறார். 5,000 கொடுத்துவிட்டேன்; மீதியைத் தவணையாக மாற்றித் தருவாராம். ரசீதின் படத்தை அனுப்பியுள்ளேன். மேற்கொண்டு கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். ஓடிபி கேட்டு யார் அழைத்தாலும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய ரசீதை முதலில் பார்ப்போம். அதில் ரோபோவின் பெயர் இல்லை, எப்போது கைக்கு வரும் என்ற தேதி இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. 'சேவைக் கட்டணம்' என்ற ஒரே சொல்லுக்கு எதிரே 5,000 என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு ரோபோ எங்கே என்று கேட்டால், நாங்கள் வாங்கியது சேவைக்கான பணம்தானே என்று அவர் சொல்வதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

கிரவுட் ஃபண்டிங் என்பது கடையில் பொருள் வாங்குவது அன்று. இன்னும் செய்யப்படாத ஒரு பொருளைச் செய்து முடிப்பதற்குப் பலர் முன்கூட்டியே பணம் கொடுத்து உதவுகிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்கள் தாங்கள் கடை அல்ல என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. கிக்ஸ்டார்ட்டரில் குறித்த தொகை முழுவதும் சேர்ந்தால்தான், அதுவும் கெடு முடிந்த பிறகுதான், நம் அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும். உங்கள் முகவரோ கெடுவுக்கு முன்பே கையில் வாங்கிக்கொண்டார். பிரிட்டனில் ஸானோ என்ற சிறு ட்ரோனுக்காகச் சுமார் 12,000 பேர் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். 2015ஆம் ஆண்டு அந்த நிறுவனமே மூடப்பட்டது, பெரும்பாலோருக்குப் பொருள் வரவில்லை.

ஏற்கெனவே ஒரு பொருளைச் செய்து சொன்னபடி அனுப்பிய நிறுவனம் அடுத்த பொருளுக்குப் பணம் கேட்டால் நம்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு நம்பலாம், ஆனால் பணமும் பதிவும் உங்கள் பெயரில் இருந்தால் மட்டுமே. பெபிள் என்ற கைக்கடிகார நிறுவனம் 2012இல் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி, தாமதமாக என்றாலும் பொருளை அனுப்பியது. 2015இல் இரண்டு கோடி டாலருக்கு மேல் திரட்டி மறுபடியும் அனுப்பியது. 2016இல் மூன்றாம் முறை திரட்டிய பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டு அதன் சொத்துகளில் பல ஃபிட்பிட் என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போயின. அறிவித்த மாடல்களில் சில வெளிவரவே இல்லை. பொருள் கிடைக்காதவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது யார் பெயரில் பதிவு இருந்ததோ அவர்களுக்குத்தான் போகும். நடுவில் ஒரு முகவர் தன் பெயரில் கட்டியிருந்தால் அந்தப் பணம் அவருக்கே திரும்பியிருக்கும். அவர் அதை உங்களிடம் சொல்லக்கூட வேண்டியதில்லை. ஆகவே எவ்வளவு நம்பகமான நிறுவனமானாலும், இடையில் ஆள் இருந்தால் இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

தவணை இதைவிட ஆபத்தானது. அவர் தவணை என்று சொல்வது, பெரும்பாலும், உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். ஓடிபி சொன்னவுடன் கடன் தொகை வகுப்பு நடத்துபவருக்குப் போய்விடும். மாதந்தோறும் உங்கள் கணக்கிலிருந்து பிடித்தம் நடக்கும். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது. ஒருவேளை ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தால், அந்த நிதி நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள்: டிஜிட்டல் கடனைத் தொடக்க நாட்களில் அபராதமின்றி முடித்துக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன.

கொடுத்த 5,000 ரூபாயை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். இங்கேதான் எல்லையோர மக்களை வதைக்கும் வழக்கமான அலைக்கழிப்பு தொடங்கும். வாளையாறுக்கு அந்தப் பக்கம் போனால் கேரளத்தில் புகார் கொடு என்பார்கள், இந்தப் பக்கம் வந்தால் பணம் கொடுத்தது கோவையில்தானே என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் இரண்டு பக்கமும் அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், பிறகு பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

மகளின் படிப்புக்கு ரோபோ தேவையே இல்லை. ஸ்கிராட்ச் என்ற மென்பொருள் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், கட்டளைகளைக் கட்டம் கட்டமாக இழுத்து அடுக்கினால் போதும். அதற்கு ஒரு பழைய மடிக்கணினி தாராளமாகப் போதும். பள்ளிகளில் கணினிக் கல்வியைக் கவனிக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்காகத் தரும் லினக்ஸ் இயங்குதளமும் இலவசம்தான். வீட்டுக்கு ஒரே கைப்பேசி என்றால் அதில் பிள்ளை கோடிங் கற்கிறாள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். விசைப்பலகை இல்லாமல் அது வெகுதூரம் போகாது.

கேரளத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளிலும் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்கள் இயங்குகின்றன. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் திறனறித் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். ரோபோ பழகுவதற்கான கிட்களையும் அரசு பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. சில பள்ளிகளில் தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பயந்து அவற்றை அலமாரியில் பூட்டி வைத்திருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மக்கள் பணத்தில் வாங்கிய பொருள் பூட்டுக்குள் கிடக்க, பக்கத்துத் தெருப் பிள்ளையின் அப்பா கடன் வாங்கி ரோபோ தேடுவது எந்த விதத்தில் நியாயம்? மகள் எட்டாம் வகுப்புக்குப் போனதும், ஜூன் மாதத்திலேயே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். மன்றம் இருக்கிறதா, தேர்வு எந்தத் தேதி, கிட் வெளியே வருகிறதா, தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கிச் சொல்பவர் யார் என்ற நான்கையும் கேட்டு, பதிலை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.