பைக் டயரில் காற்றை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

உச்சிப்புளியிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரத்துக்குத் தினமும் பைக்கில் போய்வரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மாசம் ஒரு தடவை பங்க்ல காத்துப் புடிச்சாப் போதும்னு சொல்றாங்க. அது சரிதானா?”

போதாது. வாரம் ஒருமுறை பாருங்கள். அதுவும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், காற்றழுத்தம் அளக்கும் உங்கள் சொந்த கேஜை வைத்துப் பாருங்கள். பார்த்த எண்ணைத் தேதியோடு போனிலோ காலண்டரிலோ குறித்து வையுங்கள். குறித்து வைப்பதுதான் முக்கியம். இன்றைக்கு 26 என்று ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது. போன வாரம் 28 வைத்தோம், இன்று 26 என்று பார்த்தால்தான் டயரில் ஏதோ இருக்கிறது என்று தெரியும்.

பழுதே இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ (கேஜில் காட்டும் காற்றழுத்த அளவு) தானாகக் குறையும். ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும், அது இயல்பு. கேஜை வைத்து எடுக்கும்போது ‘புஸ்’ என்று கொஞ்சம் போகும், அதுவும் பரவாயில்லை. வாரத்துக்கு 2 பிஎஸ்ஐ குறைந்தால் கசிவு இருக்கிறது. ஒரே ராத்திரியில் 5 குறைந்தால் பெரும்பாலும் முள்தான்.

எவ்வளவு வைப்பது? செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுதான் கணக்கு. ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 100 முதல் 150 சிசி வரையுள்ள பல வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் தனி ஆளுக்கு 28, இரண்டு பேருக்கு 32 என்ற அளவில் வரும். உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கலாம், பார்த்துவிடுங்கள். ஒரு கிலோ என்று போட்டிருந்தால் 14.2 பிஎஸ்ஐ, 200 கேபிஏ என்றால் 29 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் ‘மேக்ஸ்’ என்று அச்சடித்திருக்கும் எண்ணை வைத்துவிடாதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டியின் எடைக்குச் சொன்னது இல்லை.

சுமையையும் கணக்கில் எடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு கட்டினாலே 40 கிலோ. ஐஸ் போட்ட மீன் பெட்டி அதற்கும் மேலே போகும். அன்றைக்குப் பின் டயருக்கு இரண்டு பேர் அளவுதான். ‘சுமை இருக்கு’ என்று அதற்கும் மேலே 40, 45 என்று ஏற்ற வேண்டாம். டயர் நடுப்பகுதி மட்டும் தரையில் படும், நடுவிலேயே தேயும். தார் ரோட்டில் மணல் படிந்த இடத்தில் பிரேக் பிடித்தால் சறுக்கும்.

காலையில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், டயர் சூடேறினால் எண் ஏறிவிடும். 28 பிஎஸ்ஐ உள்ள டயரில் 10 டிகிரி சூடு கூடினால் சுமார் 1.4 பிஎஸ்ஐ கூடும். மத்தியான வெயிலில் 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் 3, 4 கூடக் கூடும். ஆகவே மூன்று மணி நேரமாவது வண்டி நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது பங்க் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சூடான டயரில் 31 காட்டுகிறதே என்று காற்றை இறக்கவே இறக்காதீர்கள். 28-க்கு இறக்கினால் மறுநாள் காலை 25-க்கு வந்து நிற்கும். சூடாக இருக்கும்போதே ஸ்டிக்கர் அளவுக்குக் குறைவாகக் காட்டினால் நிச்சயம் காற்று இல்லை என்று அர்த்தம். அளவுக்கு மேல் 3 சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுநாள் சரிபாருங்கள். ஐப்பசியில் மழை பிடித்து ஊர் குளிர்ந்ததும் ஒன்றரை பிஎஸ்ஐ தானாக இறங்கும், அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம்.

கட்டைவிரலால் அழுத்துவது, காலால் உதைப்பது எல்லாம் கணக்கில் சேராது. 20-ம் 28-ம் விரலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

நம் கடற்கரையில் வாரம் ஒருமுறை என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இரண்டு காரணம்: கருவேல முள், உப்பு.

சீமைக்கருவேல முள் ஆணி மாதிரி உடனே காற்றை இறக்காது. டியூப்லெஸ் டயரில் ஏறினால் ரப்பர் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நாலைந்து நாள் மெல்லக் கசியும். அதை நடுரோட்டில் பிடுங்காதீர்கள். காற்றுப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய் அங்கே எடுங்கள். டியூப் உள்ள டயரில் முள் முனை உடைந்து டயருக்குள்ளேயே நின்றுவிடும். டியூபை ஒட்டிப் போட்ட மறுநாளே திரும்பப் பஞ்சர் ஆனால் இதுதான் காரணம். ஒட்டுப் போடும்போது டயரின் உள்பக்கத்தில் ஒரு பழைய துணியைச் சுற்றி ஒருமுறை தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். வெறும் விரலால் தேடினால் விரலில் ஏறும்.

உப்பு வேறு வழியில் வேலை செய்யும். காற்றுப் பிடிக்கும் குழாயான மவுத்தின் மூடி இல்லாமல் ஓட்டினால் உப்பும் மணலும் உள்ளே இருக்கும் வால்வு பின்னில் போய் உட்காரும், பின் சரியாக மூடாது. மூடியைக் கழற்றி, மவுத் வாயில் ஒரு சொட்டு எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துப் பாருங்கள். நல்ல பின் என்றால் அந்தச் சொட்டு அசையாமல் நிற்கும். கசிந்தால் மெல்லக் குமிழ் ஊதி உடையும், சற்று நேரத்தில் இன்னொன்று வரும். அப்படி வந்தால் பின்னை மாற்றினால் போதும், சில்லறைக் காசுதான். அதற்காக டியூபையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அலாய் வீலில் டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் உப்பு அரித்து வெள்ளையாகப் பொடி பூக்கும், அந்த இடுக்கு வழியாகக் காற்று போகும். டயரைக் கழற்றி அந்த விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தால் நிற்கும். ஸ்போக் வீலில் ரிம்முக்குள் ஸ்போக் தலைகள் துருப்பிடித்து, ரிம் டேப்பை அறுத்து டியூபை உரசும்.

ஆகவே பஞ்சர் ஒட்டும்போது ஓட்டை எங்கே இருக்கிறது என்று நீங்களே டியூபைப் பாருங்கள். தரைப் பக்கம் என்றால் முள் அல்லது ஆணி. ஸ்போக் பக்கம் என்றால் துரு, ரிம் டேப் மாற்ற வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்: பாம்பன் ரோட்டுப் பாலத்தின் இணைப்புகள் மாதிரி மேடு வரும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருக்கிறது. மவுத்தின் அடியில் கிழிந்திருந்தால், காற்று இல்லாத டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கிறது. இந்தக் கிழிசலில் ஒட்டு நிற்காது, டியூப் மாற்ற வேண்டியதுதான். கிழிவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். மவுத் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் டயர் நகர ஆரம்பித்துவிட்டது. காற்றை முழுக்க இறக்கி, டயரை நகர்த்தி, மவுத்தை நேராக்கித் திரும்பப் பிடியுங்கள்.

கரையில் மணலில் ஏற்றுவதற்காகக் காற்றை இறக்கி ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். இறக்கினால் தார் ரோடு ஏறியதும் அங்கேயே திரும்பப் பிடிக்க வேண்டும், ஒரு கால் பம்பு வண்டியில் இருக்கட்டும். பாலத்தின் மேல் பக்கக் காற்று தள்ளும் நேரத்தில் முன் டயரில் காற்றுக் குறைவாக இருந்தால் ஹேண்டில் கனத்து, வண்டி பின்தங்கித் திரும்பும்.

கேஜுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். டயல் வைத்தது போதும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டுக்குள் வையுங்கள். பங்க் மெஷின் காட்டுவதும் உங்கள் கேஜ் காட்டுவதும் 2 வித்தியாசப்படலாம். எப்போதும் ஒரே கேஜால் பாருங்கள், அப்போதுதான் குறித்து வைத்த எண்ணுக்கு மதிப்பு. நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

வாரக் கணக்கு போக, தனுஷ்கோடி போகிற அன்று காலையும் பாருங்கள். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடலும் மணலும்தான். பஞ்சர் கடையை நம்பி அந்த ரோட்டில் இறங்க வேண்டாம்.