பழைய கேபிள், புதிய வேகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ஊர் வழியாக நாகர்கோவில் செல்லும் சாலையோரம் புதைத்த ஒளியிழைக் கேபிள் பல ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது. ஆனால் அதில் போகும் தரவு மட்டும் பலமடங்கு கூடிவிட்டது என்கிறார்கள். இழையை மாற்றாமல் இது எப்படி முடிகிறது?
— வாசகி ஒருவர், நாங்குநேரி

பதில்: அவர்கள் சொல்வது நடக்கக்கூடியதே. இழை பழையதாக இருந்தாலும், அதன் முனைகளிலும் இடைவழியிலும் உள்ள கருவிகளை மாற்றி அதன் கொள்ளளவைக் கூட்டிவிட முடியும்.

ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் ஒளியிழப்பு இருந்தால் (10 டெசிபல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளியே மிஞ்சும்) கண்ணாடி இழை தகவல்தொடர்புக்கு உதவும் என்று 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதினார்கள். இன்று அந்த இழப்பு ஏறத்தாழ 0.2 டெசிபல்தான். அப்படியிருந்தும், திருநெல்வேலியில் செலுத்திய ஒளியில் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள நாகர்கோவிலை அடைவது நாற்பதில் ஒரு பங்கு. மதுரைவரை இடையில் பெருக்காமல் அனுப்பினால் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறுவதே அரிது.

முன்பெல்லாம் இப்படி மங்கிய ஒளியை மின்குறியாக மாற்றிச் செப்பனிட்டு, மீண்டும் லேசர் வழியே அனுப்பினார்கள். ஒரே இழையில் தனித்தனித் தகவலைச் சுமக்கும் ஒவ்வோர் அலைநீளத்துக்கும், அதாவது ஒளியின் ஒவ்வொரு ‘நிறத்துக்கும்’, தனிக்கருவி வேண்டியிருந்தது. எர்பியம் என்னும் தனிமம் சிறிதளவு கலந்த இழைக்குள் 980 நானோமீட்டர் லேசரைச் செலுத்தினால், 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையுள்ள எல்லா அலைநீளங்களும் ஒளியாகவே ஒருசேரப் பெருகும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழு 1987-இல் இதை நிறுவியது. இத்துறையின் கண்டுபிடிப்புகளில் நான் முதலிடம் தருவது இதற்கே. ஓர் இழையில் ஏறத்தாழ 80 அலைநீளங்களை அனுப்புவது கட்டுப்படியானதற்கு இதுவே காரணம். 2010-ஐ ஒட்டி, ஒளியலையின் கட்டத்திலும் (அதன் ஏற்ற இறக்க நிலை) முனைவாக்கத்திலும் (அது அதிரும் திசை) தகவலைப் பொதியும் கருவிகள் வந்தபின், ஒவ்வோர் அலைநீளமும் நொடிக்கு 100 கிகாபிட் சுமக்கத் தொடங்கியது. சாலைப் பணியில் அறுபட்டு ஒட்டப்பட்ட இடங்கள் மிகுந்தால், ஒவ்வோர் ஒட்டும் தன் பங்குக்குச் சிறிது ஒளியைத் தின்னும் என்பதையும் கருதவேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஆராய்ச்சியாளர்களுக்கு இனி என்ன வேலை மிச்சம்?
— இயற்பியல் மாணவர், பாளையங்கோட்டை

பதில்: நிறையவே இருக்கிறது. ஒளியின் திறனைக் கூட்டக் கூட, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே மாறி, பக்கத்து அலைநீளங்கள் ஒன்றையொன்று கெடுக்கும். ஆகவே இழையின் நடுவே ஒளி செல்லும் பாதையான உள்ளகம் ஒன்றே இருந்தால், அதன் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. வழக்கமான 125 மைக்ரான் பருமனுக்குள்ளேயே நான்கு உள்ளகங்கள் கொண்ட இழையில், 2022-இல் ஜப்பானின் தேசியத் தகவல்தொடர்பு ஆய்வு நிறுவனம் நொடிக்கு 1 பெட்டாபிட்டை (பத்து லட்சம் கிகாபிட்) 50 கிலோமீட்டருக்கு மேல் அனுப்பிக் காட்டியது. அத்தகைய இழையை இழுப்பதைவிட, அதன் நான்கு உள்ளகங்களையும் சாதாரண இழைகளோடு இழப்பின்றி இணைக்கும் உறுப்பும், நான்கையும் ஒரே கருவியில், குறைந்த மின்சாரத்தில் பெருக்கும் பெருக்கியும்தான் இப்போது கடினமான பகுதி என்பது என் கருத்து.