பாலம் சும்மா நிற்க, பஸ்ஸில் ஏன் ஏற்றுகிறார்கள்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கட்டடத்திலிருந்து விமான வாசலுக்கு நீளும் பாலம், அதாவது ஏரோபிரிட்ஜ், சும்மாதான் நிற்கிறது. எங்களை மட்டும் கீழே இறக்கி, பஸ்ஸில் அடைத்து, தூரத்தில் நின்ற விமானத்துக்குக் கொண்டு போனார்கள். என்ன காரணம்?
– தலவாக்கலை வாசகர்

நீங்கள் பார்த்த நேரத்தில் பாலம் சும்மா நின்றிருக்கும். அந்தத் தரிப்பிடம் அநேகமாக வேறொரு விமானத்துக்குக் குறித்தாகியிருக்கும். ஹட்டன் ஸ்டாண்டில் கொழும்பு பஸ்ஸுக்கு ஒதுக்கிய இடம் காலியாகக் கிடக்கிறதே என்று நோர்வூட் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன நடக்கும்? அதே கதைதான். ஒரு விமானம் உள்ளே வந்து, ஆள் இறக்கி, துப்புரவு செய்து, எரிபொருள் ஏற்றி, மறுபடி ஆள் ஏற்றிக் கிளம்ப, சிறிய ரகத்துக்கே பொதுவாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் போகும். அரை மணியில் ஒரு பெரிய விமானம் வரப்போகிறது என்றால், அந்த இடைவெளியில் உங்கள் விமானத்தை அங்கே விட முடியாது.

அடுத்தது அளவு. தரிப்பிடங்களை, விமானத்தின் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனி வரையான நீளத்தை வைத்துப் பிரிப்பார்கள். 36 மீற்றருக்கு உட்பட்டவை ‘சி’ வகை. சென்னை, திருச்சி, மதுரைக்குப் பறக்கும் ஏ320, போயிங் 737 எல்லாம் இதில் அடங்கும். 65 மீற்றருக்கு உட்பட்டவை ‘ஈ’ வகை. ஏ330 இறக்கை 60.3 மீற்றர், போயிங் 777-300ஈஆர் 64.8 மீற்றர். சின்ன விமானம் பெரிய இடத்தில் நிற்கலாம், பெரியது சின்ன இடத்தில் நிற்க முடியாது. பாலம் உள்ள இடங்கள் குறைவாக இருக்கும்போது, 300 பேரோடு வரும் விமானத்துக்கு முதல் உரிமை கொடுப்பதுதான் கணக்குக்குச் சரி. 300 பேரை பஸ்ஸில் ஏற்றுவதை விட 180 பேரை ஏற்றுவது எளிது.

வேறு காரணங்களும் உண்டு. பாலத்தில் கோளாறு இருக்கலாம். முந்திய விமானம் தாமதமாகி இடத்தை விடாமல் நிற்கலாம். உங்கள் விமானம் பல மணி நேரமாக ஓய்வில் நின்றதாக இருக்கலாம். அப்படி நிற்பதை ஒதுக்குப்புறத்துக்கு இழுத்துப் போய் நிறுத்துவார்கள், பிறகு அங்கிருந்தே ஏற்றிவிடுவார்கள். கட்டுநாயக்கவின் இரண்டாம் முனைய வேலை 2020இல் தொடங்கி, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு முடங்கியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பயணிகள் கூடினாலும் பாலங்கள் கூடவில்லை.

பாலத்துக்குக் காசு கட்ட வேண்டும், அதை மிச்சம் பிடிக்கத்தான் பஸ் என்கிறார்கள். உண்மையா?
– நாவலப்பிட்டி வாசகர்

பாதி உண்மை. பல விமான நிலையங்களில் பாலத்துக்கு நேரக் கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் அதைத் தவிர்க்கப் பார்ப்பது உலகறிந்த விஷயம். ஆனால் பஸ்ஸும் இலவசமில்லை. பஸ், சாரதி, தள்ளிக்கொண்டு வரும் படிக்கட்டு, அதை நிறுத்தும் ஊழியர் என்று ஒவ்வொன்றுக்கும் தரைச் சேவை நிறுவனம் பில் போடும்.

உண்மையான ஆதாயம் நேரத்தில்தான். திட்டமிடும்போது ஒரு வாசல் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 12 பேர் ஏறுவதாக வைத்துக்கொள்வார்கள். 180 பேருக்கு 15 நிமிடம். சின்ன விமானத்துக்குப் பாலம் முன் வாசலில் மட்டுமே பொருந்தும், படிக்கட்டென்றால் முன்னும் பின்னும் இரண்டு வைக்கலாம். காகிதத்தில் நேரம் பாதியாகிறது. பாலத்தருகே மூக்கை நீட்டி நிற்கும் விமானத்தைப் பின்னால் தள்ள டிராக்டர் வேண்டும். திறந்த வெளியில், இடம் தாராளமாக இருந்தால், விமானம் தானே திரும்பிக் கிளம்பலாம். டிராக்டருக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த இரட்டைப் படிக்கட்டு ஆதாயம் முழுதாகக் கிடைப்பது, கட்டடத்திலிருந்து பயணிகள் நடந்தே போய் ஏறும் இடங்களில்தான். நடுவில் பஸ் வந்துவிட்டால் வேகத்தைத் தீர்மானிப்பது பஸ். விமானத் தளத்தில் ஓடும் கோபஸ் 3000 போன்ற பஸ்ஸின் அகலம் 3 மீற்றர், சாதாரண வீதியில் ஓட முடியாத அகலம். இருக்கை பெயருக்குச் சில, மற்றவர்கள் நிற்க வேண்டும். நெருக்கினால் நூற்றுக்கு மேல் பிடிக்கும், கைப்பைகளோடு மூச்சுவிட்டு நிற்பதென்றால் 70, 80 பேர்தான். ஆக ஒரு ஏ320க்கு இரண்டு அல்லது மூன்று பஸ் வேண்டும். மூன்றாவது பஸ் வேறொரு விமானத்தில் மாட்டிக்கொண்டால், மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கேயே போய்விடும்.

பஸ்ஸில் போனதால் டிக்கட் விலை குறையாது, பாலத்தில் போனதால் கூடவும் கூடாது.

அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறோம். வீல் செயார் கேட்டுப் பதிந்தோம், கடைசியில் படிக்கட்டில் ஏறச் சொல்லிவிட்டார்கள். வீல் செயார் என்று பதிந்தும் ஏன் இப்படி?
– பண்டாரவளை வாசகி

வீல் செயார் என்று பொதுவாகச் சொன்னது போதாது. பதிவில் அதற்கு மூன்று குறியீடுகள் இருக்கின்றன. மூன்றும் டபிள்யூ, சி, எச் என்றே தொடங்கும், நான்காவது எழுத்துதான் வேறு. ‘ஆர்’ என்று முடிந்தால், தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார், உள்ளே இருக்கை வரை நடப்பார் என்று பொருள். ‘எஸ்’ என்றால் படி ஏற முடியாது, உள்ளே கொஞ்சம் நடப்பார். ‘சி’ என்றால் இருக்கை வரை தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும்.

டிக்கட் போடும் ஏஜென்ட்மார் அநேகமாகக் கேட்காமலே ‘ஆர்’ போட்டுவிடுவார்கள். பாலம் கிடைத்தால் வித்தியாசம் தெரியாது, வாசல் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். பஸ் என்றால் படிக்கட்டின் அடியில் வீல் செயார் நின்றுவிடும். பதிவில் உள்ளபடி அம்மா படி ஏறக்கூடியவர். ஏ320 வாசல் தரையிலிருந்து ஏறத்தாழ 3.4 மீற்றர் உயரம். மூட்டு வலிக்காரருக்கு அது சின்ன ஏற்றமில்லை, இறங்குவது அதை விடக் கஷ்டம்.

இனிச் செய்ய வேண்டியது:

டிக்கட் போடும்போதே “படி ஏறவே முடியாது, எஸ் போடுங்கள்” என்று சொல்லுங்கள். போட்ட பிறகு அச்சுப் பிரதியில் அந்த நான்கு எழுத்தையும் நீங்களே பாருங்கள். புறப்பட குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்துக்கு நேரடியாக அழைத்து உறுதிப்படுத்துங்கள். போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். திரும்பும் பயணத்தில் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. செக்-இன் கவுண்டரில் மறுபடி ஒரு தரம் சொல்லி, “பஸ் கேட் என்றால் லிஃப்ட் வண்டி வருமா?” என்று கேட்டுவிடுங்கள்.

அந்த லிஃப்ட் வண்டிக்கு அம்புலிஃப்ட் என்று பெயர். லொறிச் சட்டத்தின் மேல் ஓர் அறை. கத்தரிக்கோல் போல் விரியும் கால்கள் அறையையே மேலே தூக்கும். படிக்கட்டு இடப்பக்க வாசலில் இருப்பதால் இது பெரும்பாலும் வலப்பக்க முன் வாசலில் வந்து ஒட்டும். உள்ளே இருந்து பலகை நீட்டி, ஒடுங்கிய நடைபாதை நாற்காலியில் இருக்கை வரை கொண்டு போவார்கள். எங்கும் இந்த வண்டிகள் கொஞ்சம்தான். முன்கூட்டித் தெரியாவிட்டால் வராது, வந்தாலும் தாமதமாகும். இறங்கும்போது கடைசியாகத்தான் இறக்குவார்கள். வெளியே வரவேற்க வருபவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

‘எஸ்’ போட்டால் பயணத்தையே மறுத்துவிடுவார்களோ என்று பயந்து பலர் ‘ஆர்’ என்றே விடுகிறார்கள். தேவையில்லாத பயம். அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர், ஒட்சிசன் தேவைப்படுபவர் போன்றோரிடம்தான் வைத்தியர் நிரப்பிய படிவம் கேட்பார்கள்.

பஸ் கேட் என்றால் எத்தனை மணிக்குப் போக வேண்டும்? முதல் பஸ்ஸில் ஏறுவது நல்லதா, கடைசி பஸ்ஸா?
– ஹட்டன் வாசகர்

கேட் மூடும் நேரம் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 15–20 நிமிடத்துக்கு முன். பஸ் கேட்டில் அதற்கு மேல் தயவு கிடைக்காது. பாலமென்றால் கடைசி ஆள் ஓடிவந்து நுழைந்துவிடலாம். கடைசி பஸ் போய்விட்டால் ஒருவருக்காக இன்னொரு பஸ் வராது. அதனால் பஸ் கேட்டில் ஏற்றத் தொடங்குவதும் முந்தியே இருக்கும். கினிகத்தேனை வளைவில் ஒரு லொறி மறித்தாலே ஒரு மணி நேரம் போகும் நமக்கு, அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்து வீட்டிலிருந்து முந்தியே கிளம்புவதுதான் புத்தி.

முதலா, கடைசியா என்பது கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் பஸ் நிரம்பும் வரை உள்ளே நிற்க வேண்டும், சில வேளை விமானத்தடியில் போயும் கதவு திறக்காது, சுத்தம் செய்து முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் மேல் தட்டில் பை வைக்க இடம் கிடைக்கும். கைப்பை சிறியதென்றால் கடைசி பஸ்ஸே வசதி. நெரிசல் குறைவு, நேரே ஏறலாம்.

பஸ்ஸுக்கு இரு பக்கமும் கதவுகள் உண்டு, விமானம் உள்ள பக்கத்துக் கதவுகளே திறக்கும். இருக்கை எண்ணையும் பாருங்கள். இரண்டு படிக்கட்டு வைத்திருந்தால் ஏ320இல் 1 முதல் 15 வரை முன்னால், மீதி பின்னால் என்பது வழமை. 27ஆம் வரிசைக்காரர் முன்னால் ஏறி எதிர்நீச்சல் போட்டால் எல்லாருக்கும் தாமதம்.

யாழ்ப்பாணம் பலாலிக்கு ஏடிஆர் விமானத்தில் வந்தோம். பாலமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நடக்கவிட்டார்கள். ஒரு பக்க என்ஜின் இரைந்துகொண்டே இருந்தது, பயமாகிவிட்டது.
– மாத்தளை வாசகி

ஏடிஆர் 72 சுழலியால் (புரொப்பெல்லர்) பறக்கும் சிறிய விமானம், அதற்குப் பாலம் பெரும்பாலும் ஒத்து வராது. வாசல் தரைக்கு அவ்வளவு பக்கம், பாலத்தை அந்த அளவுக்குத் தாழ்த்தினால் சறுக்குப் பலகையாகிவிடும். பயணிகள் வாசல் பின்னால், இடப்பக்கம். கதவைத் திறந்தால் அதுவே படியாக விரியும். முன்னால் இருப்பது சாமான் கதவு.

நீங்கள் கேட்டது வலப்பக்க என்ஜின். மற்ற விமானங்களில் வாலில் இருக்கும் துணை என்ஜின் ஏடிஆரில் இல்லை. அதற்குப் பதிலாக, வலப்பக்கச் சுழலியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு என்ஜினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். சுழலி சுற்றாது, சத்தமும் சூடும் இருக்கும். பயம் வேண்டாம், ஆனால் காட்டிய கோட்டை விட்டு விலகவும் வேண்டாம். வாலின் அடியில் ஒரு தடி முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் பின் வாசலில் ஒன்றாகக் கூடினால் பின்பாரம் கூடி மூக்கு தூக்காமல் இருக்கத்தான் அது.

எந்த விமானமானாலும் தரையில் நடக்கும்போது சால்வை, தொப்பி, போர்டிங் பாஸ் எதையும் காற்றில் விடாதீர்கள். என்ஜின் இழுத்துக்கொண்டால் பழுதுபார்ப்பு பெரிய செலவு. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், இறக்கைக்குக் கீழே குறுக்கே போகாதீர்கள். விமானத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் என்ஜின் ஓடுகிறது, அல்லது ஓடப்போகிறது.

விமானம் நின்றாயிற்று, பாலமும் வந்து ஒட்டியாயிற்று. ஆனாலும் கதவைத் திறக்க ஐந்து, பத்து நிமிடம் ஆகிறது. என்ன செய்கிறார்கள்?
– பதுளை வாசகர்

என்ஜின் நின்று, சிவப்பு விளக்கு அணைந்து, சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை பாலம் அசையக் கூடாது. பிறகு ஓட்டுநர் அதைக் கொண்டுவருவார். கடைசி ஒரு மீற்றர் ஊர்ந்துதான் வரும், வேகமாக இடித்தால் விமான உடலில் பள்ளம் விழும், விமானம் பரிசோதனைக்குப் போய்விடும். ஒட்டியதும் மேலே துணிக்கூரை இறங்கும். உள்ளே பணியாளர், ஆபத்தில் பயணிகள் வழுக்கி இறங்கக் கதவில் வைத்திருக்கும் அவசரச் சறுக்கை செயலிழக்கச் செய்தாயிற்றா என்று பார்ப்பார், வெளியே இருப்பவர் கதவைத் தட்டிச் சைகை செய்வார், அதற்குப் பிறகே திறப்பு.

பாலத்தின் முனையில் விமான உடலைத் தொட்டுக்கொண்டு ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். ஆளும் சாமானும் இறங்க இறங்க விமானம் சில அங்குலம் உயரும், ஏற ஏறத் தாழும். அந்த அசைவில் சக்கரம் உருண்டு, பாலத்தை அதற்கேற்ப ஏற்றி இறக்கச் சொல்லும். இது வேலை செய்யாமல் போனால், பாரம் ஏறத் தாழும் விமானத்தின் திறந்த கதவு பாலத்தின் தரையில் போய் உட்கார்ந்துவிடும், கீல் வளைந்துவிடும். அதைத் தடுக்கக் கதவடியில் ஓர் உணர்கருவியை வைப்பார்கள், கதவு அதில் பட்டால் எச்சரிக்கை கிளம்பும். பாலத்தை இயக்கத் தெரிந்தவர் இன்னொரு விமானத்தில் இருந்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். அனுமதி இல்லாதவர் தொட முடியாது.

இடி மின்னல் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பாலத்தில் போயிருந்தால் கிளம்பியிருப்போமா?
– நுவரெலியா வாசகர்

ஏறியிருப்பீர்கள், கிளம்பியிருக்க மாட்டீர்கள். மின்னல் கிட்ட வந்தால் திறந்த தளத்தில் ஆள் நிற்கவே கூடாது. பெட்டி ஏற்றுவது, எரிபொருள், பின்தள்ளும் டிராக்டர் எல்லாம் நின்றுவிடும். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் பின்னேரங்களில் இது சாதாரணம். அந்த மாதங்களில் காலை விமானம் இருந்தால் அதையே எடுங்கள்.

பிள்ளையின் தள்ளுவண்டியை பஸ் கேட்டிலும் கொண்டு போகலாமா?
– லிந்துலை வாசகி

போகலாம். செக்-இன்னில் அதற்கு டேக் கட்டச் சொல்லுங்கள். கேட்டிலோ படிக்கட்டின் அடியிலோ வாங்கி சாமான் அறையில் போடுவார்கள். இறங்கும் இடத்தில் விமானத்தடியில் தருவார்களா, பெட்டி வரும் பட்டியிலா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.