ஆப்டோமெட்ரி படித்தால் கண்ணாடிக் கடைதானா?

மகளுக்கு மருத்துவ சீட் கிடைக்கவில்லை, ஆப்டோமெட்ரி (கண்ணைப் பரிசோதித்துப் பார்வைக் குறையைத் திருத்தும் படிப்பு) சேர்க்கலாம் என்றால் வீட்டில் "இவ்வளவு படித்துக் கண்ணாடிக் கடையில் நிற்கவா?" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நேராகவே சொல்கிறேன்மா. இதை முடித்தால் அவள் எம்.பி.பி.எஸ். டாக்டர் ஆகமாட்டாள், ஆபரேஷன் செய்யமாட்டாள். அந்த ஆசை ஓரமாக இருந்தால்கூட முதலில் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள்.

அப்புறம் "மிஷினே பவர் சொல்லிவிடுகிறதே" என்ற கேள்வி. எட்டு வயதுப் பையன் ஆட்டோரிஃப்ராக்டர் என்ற அந்த மிஷின் முன் உட்காரும்போது தன்னை அறியாமலே கண்ணின் உள்தசையை இறுக்கிக்கொள்வான், மிஷின் தரும் துண்டுச்சீட்டில் மைனஸ் கூடுதலாக அச்சாகி வரும், அதை நம்பிக் கண்ணாடி போட்டால் தலைவலிதான் மிச்சம். அதனால்தான் சொட்டுமருந்து விட்டு இறுக்கத்தைத் தளர்த்தி, இருட்டறையில் ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியின் ஒளிக்கீற்றைக் கண்ணில் ஆட்டி, உள்ளிருந்து திரும்பும் செவ்வொளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் பார்த்து லென்ஸ் மாற்றுவார்கள். நகர்வு நிற்கிற லென்ஸிலிருந்து பவரைக் கணக்கிடுவார்கள். பையன் வாயே திறக்க வேண்டாம். அந்தக் கைப்பழக்கம் இரண்டு மாதத்தில் வராது. இதுபோக சோம்பேறிக் கண்ணுக்கு (பார்வை சரியாக வளராத கண்ணுக்கு) பயிற்சி, கருவிழி கூம்பாகிறவர்களுக்குக் கான்டாக்ட் லென்ஸ், சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் பரிசோதனை என்று வேலை நிறைய.

ஆகவே கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், நோயாளிகள் வருகிறார்களா என்று பாருங்கள். சென்னை சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-லேயே தொடங்கியது. கண் மருத்துவமனையோடு ஒட்டிய இப்படிப்பட்ட இடம்தான் முதல் தேர்வு. இதுவரை வழக்கமாக 3 ஆண்டுப் படிப்பு, 1 ஆண்டு இன்டர்ன்ஷிப் என்றிருந்தது. 2021 சட்டப்படி துணை மருத்துவத் தொழில்களுக்காக அமைந்த தேசிய ஆணையம் இப்போது இத்துறையை ஒழுங்குபடுத்துவதால், படிப்பின் காலம், நுழைவு விதி, பதிவு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு வருட டிப்ளமோவும் பட்டமும் ஒன்றுதான் என்று எந்தப் புரோக்கராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, சரி. செயின் கடைகள் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம், ஆனால் ஃபிரேம் விற்கும் டார்கெட்டும் கூடவே வரக்கூடும். முதல் இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் கை பழகட்டும் என்பேன். வெளிநாடு மனதில் இருந்தால், அமெரிக்காவில் ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) பட்டம், பிரிட்டனில் ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில் பதிவு இல்லாமல் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை செய்ய முடியாது, அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அந்த ஆஸ்பத்திரியின் ஓ.பி.யில் மகளோடு போய் உட்கார்ந்து பாருங்கள், மாணவர்கள் நோயாளியைத் தொடுகிறார்களா, சும்மா நிற்கிறார்களா என்று.