பழைய குரல்கள், புதிய ஆல்பம்

கேள்வி: பழைய இசைக்குழுக்கள் வயதான பிறகு வெளியிடும் ஆல்பங்கள் தேறுமா?

பதில்: சில நன்றாகவே தேறும். அமெரிக்க கன்ட்ரி இசைக்குழு ஓக் ரிட்ஜ் பாய்ஸ் 2009-இல் கொண்டுவந்த 'தி பாய்ஸ் ஆர் பேக்' கேளுங்கள். 1981-இல் 'எல்வைரா' பாடி அமெரிக்காவையே ஆடவைத்தவர்கள், இதில் 'செவன் நேஷன் ஆர்மி' என்ற ராக் பாட்டைத் தொட்டிருக்கிறார்கள். அதன் உயிரே கிட்டார் மெட்டுதான். குழுவின் பாடகர் ரிச்சர்ட் ஸ்டெர்பன் அந்த மெட்டை அடித்தொண்டையில் பாடிவிடுகிறார்! ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னணி பாடிய குரல் அது. எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. எல்லாப் பாட்டும் இந்த உயரத்தில் இல்லை, சரி. இந்த ஆல்பத்தைத் தயாரித்த டேவ் காப் என்பவருடனேயே 2018-இல் செய்த '17த் அவென்யூ ரிவைவல்' ஆல்பத்தையும் கேளுங்கள். அதில் தேவாலயப் பாடல்களின் சாயல் தூக்கல்.